பெயர் சொல்லிப் பேசும் வகுப்பு

என் உயிரில் பாதியும், நான் சொல்லும் ஒவ்வொரு தேதிக்கும் எதிர்க்கட்சியுமான சகுந்தலாவுக்கு,

நான் கொளஞ்சியப்பன் பேசுகிறேன்.

நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவன், உன்னிடம் பேச வரும்போது பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறானே, புத்தி பிசகிவிட்டதா என்று கேட்பாய். காரணம் இருக்கிறது. கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுவேன். எதையும் நான் வரிசைப்படிதான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியாததா?

உன் நினைவு நாள் தேதிப்படி நேற்று, திதிப்படி நாளை. நம் பிள்ளைகள் திதியைத்தான் பார்க்கிறார்கள். நான் தேதிக்காரன். நேற்றே எழுத உட்கார்ந்தேன், கை எழவில்லை. நாளை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆகவே இரண்டுக்கும் நடுவில், யாரும் உரிமை கொண்டாடாத இந்த நாளில் எழுதுகிறேன். மாசி மகத்துக்குக் கொடியேறிவிட்டது. தெருமுனையில் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். நீ இருந்திருந்தால் இந்நேரம் ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருப்பாய்.

இதை அச்சுக்கும் கொடுக்கப்போகிறேன். புருஷன் பெண்டாட்டி பேச்சை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்பாய். இது நம் இருவர் பேச்சு மட்டும் அல்ல, சகுந்தலா. அபியின் சேதி. கடைசி நாட்களில், மருந்து மயக்கத்திலிருந்து விழிக்கும்போதெல்லாம் நீ என்னைக் கேட்ட கேள்விகள் இரண்டே. அடுப்பை அணைத்தீர்களா என்பது ஒன்று. அபி ஸ்கூலுக்குப் போறாளா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு இப்போதுதான் முழுப் பதில் என் கையில் இருக்கிறது.

படிப்பவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். நீ பால்வாடி டீச்சர். நான் பீங்கான் சூளையில் ஒவ்வொரு வேக்காட்டுக்கும் தேதிச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவன். அபிநயா உன் பால்வாடிக்கு வந்த குழந்தை, பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அவள் அம்மா செல்வி பீங்கான் தொழிற்பேட்டையில், அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து விளிம்பைச் சரிசெய்யும் வேலை பார்க்கிறவள். அப்பா ஏழுமலை, பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரின் டிரைவர். குழந்தைக்கு ஐந்து வயது முடிந்தபோது, வெளியூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று விடுதியோடு பள்ளி இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நீ மட்டும் அவள் கையைப் பிடித்து நடந்துபோய், பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளியின் முதல் பெஞ்சில் உட்கார வைத்தாய்.

அந்தத் தலைமையாசிரியர், "எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்கம்மா" என்றாராம். நீ சொன்ன பதிலை அன்று சாப்பிடும்போது எனக்கும் சொன்னாய்: "அவளுக்கும்தான் உங்களப் பழக்கமில்ல சார். ரெண்டு பேருமா பழகிக்குங்க."

பழகிவிட்டார்கள், சகுந்தலா. எந்த அளவுக்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அபி இப்போது பத்தாம் வகுப்பு. பாடப்புத்தகத்தைப் பிரெய்லில் விரலால் படிக்கிறாள். மீதியைக் காதால் படிக்கிறாள். பொதுத் தேர்வு என்றால் அவள் சொல்லச் சொல்ல எழுத அரசே ஓர் ஆசிரியரை அனுப்பிவிடும். பள்ளிக்குள் நடக்கும் தேர்வுகளுக்கு ஆள் வேண்டும். அவளுக்குப் பாடம் நடத்துகிறவராக இருக்கக் கூடாது. கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும். சென்ற ஆடி மாதம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை, அவள் பள்ளியின் தலைமையாசிரியை நம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அய்யா, சூளையில வேல பாத்தப்ப நீங்க எழுதிப்போட்ட தேதிச் சீட்ட எங்கப்பா வூட்டுக்குக் கொண்டாந்து காட்டுவாரு. எழுத்துன்னா இப்படி இருக்கணும்பாரு" என்றார்கள். இப்படிக் கேட்டால் எவன் மறுப்பான்?

முதல் நாள் என்னை வகுப்புக்குள் அழைத்துப்போனார்கள். கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "நான் ரம்யா. மிஸ், ரெண்டாவது வரி எப்படி வந்துச்சுன்னு புரியல." அபியின் பக்கத்திலிருந்து வேறொரு குரல்: "நான் நஸ்ரீன். எனக்கு மொத வரியே புரியல மிஸ்." வகுப்பு சிரித்தது. ஆசிரியை, "நான் கணக்கு மிஸ். நஸ்ரீன், நீ உக்காரு. ஒனக்குத் தனியாதான் வெச்சுக்கணும்" என்றார். பேச வாய் திறந்த ஒவ்வொருவரும் முதலில் தன் பெயரைச் சொன்னார்கள். என்ன இது, பட்டாளத்து ஆஜர் கூப்பிடுவது போல இருக்கிறதே என்று முதலில் எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது.

பிறகுதான் அபியின் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயர் ஒலித்ததும் அவள் முகம் அந்தத் திசைக்கு இலேசாகத் திரும்பியது. கண்ணால் நாம் ஒரு கூட்டத்தை ஒரே வீச்சில் பார்த்துவிடுகிறோமே, அதை அந்த வகுப்பு அவளுக்குப் பெயர் பெயராக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அந்த ஆசிரியை ஒரு தடவைகூட "இதை எடுத்து இங்கே போடு" என்று சொல்லவில்லை. எதை எடுத்து எங்கே போட வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். பின்னர் ஒரு நாள் அவரே என்னிடம் சொன்னார்: "பலகையப் பாத்துப் பேசிப் பேசியே இத்தன வருஷம் ஓட்டிட்டேன் சார். அபி வந்தப்புறம்தான் புள்ளைங்களப் பாத்துப் பேசறேன். இப்ப மத்த புள்ளைங்களுக்கும் கணக்கு புரியுதுங்குது. நஸ்ரீனத் தவிர."

புரட்டாசியில் அபிக்கு ஜுரம் வந்து ஒரு வாரம் வரவில்லை. செய்தி தெரியாமல் நான் போய்விட்டேன். வராந்தாவில் நின்றபடி கேட்டேன். உள்ளே பாடம் நடக்கிறது. "நான் காயத்ரி. மிஸ்…" "நான் ரம்யா…" கேட்க வேண்டியவள் வீட்டில் போர்வைக்குள் படுத்திருக்கிறாள். இவர்கள் பாட்டுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதை உணரக்கூட இல்லை. மூச்சு விடுவதை யார் உணர்கிறார்கள்? நான் குடையை மடக்கவும் மறந்து அங்கேயே நின்றேன். சூளைக் கதவின் சிறு துளை வழியே, உள்ளே நெருப்பின் நிறம் மாறுவதைப் பார்த்து நின்ற நாட்களில் எனக்கு ஏற்பட்ட அதே திகைப்பு.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது, யார் தொடங்கியது என்று தலைமையாசிரியையைக் கேட்டேன். எனக்குத் தேதி தெரிந்தாக வேண்டுமே. "நான் மாறுதலாயி வந்தப்பவே இருந்துச்சு சார்" என்றார்கள். கணக்கு ஆசிரியையைக் கேட்டேன். "இந்தப் புள்ளைங்க ஆறாம் வகுப்புக்கு வரப்பவே இப்படித்தான் வந்தாங்க" என்றார். தொடக்கம் தெரியாத ஒரு காரியம் என் கண்ணெதிரே நடக்கிறது. எனக்கு அது முள்ளாகவே தைத்துக்கொண்டிருந்தது.

நஸ்ரீனைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அபிக்குப் பக்கத்து இடம். பலகையில் எழுதுவதை எல்லாம் அடிக்குரலில் அபிக்குப் படித்துச் சொல்கிறவள். அதற்குக் கூலியாகக் கணக்குகளை அபியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள். இவளுக்கு ஒரு நாள் யோசனை வந்து, செல்வியிடம் களிமண் கேட்டு வாங்கி, தமிழ்நாட்டு வரைபடத்தை ஒரு பலகை அகலத்துக்குச் செய்தாள். ஆறுகளை மேடாகத் திரித்து ஒட்டினாள். ஊர்களைக் குழியாக்கினாள். செல்வி அதைக் கோப்பைகளோடு சேர்த்துச் சூளையில் வைக்கச் சொல்லி வாங்கிவந்தாள். நான் முன்கூட்டியே எச்சரித்தேன்: சூட்டில் மண் சுருங்கும், கனம் ஒன்றுபோல இல்லாவிட்டால் வெடிக்கும் என்று. வெடித்தது, மதுரைக்குத் தெற்கே ஒரு விரிசல். அந்த விரிசலையும் வைகை என்று எண்ணி அபி விரலால் தடவிக்கொண்டே போனாள். "அது வைகை இல்லடி, என் கைப்பக்குவம்" என்றாள் நஸ்ரீன்.

அந்த வரைபடம் இப்போது வகுப்புச் சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. இடைவேளையில் பார்வையுள்ள பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்று நம் விருத்தாசலத்து மணிமுத்தாறு எங்கே என்று தடவுகிறார்கள். பலர் தவறிப்போய் வங்கக் கடலில் விழுகிறார்கள். அபி சிரித்துக்கொண்டே அவர்கள் விரலைப் பிடித்துக் கரையேற்றுகிறாள்.

இனி தேர்வுக்கு வருகிறேன்.

அவள் சொல்ல நான் எழுதிய முதல் தேர்வு தமிழ். வகுப்பிலிருந்து விலகி, அறிவியல் ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் தனி இடம். அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். எனக்கு அதைவிட நல்ல வாக்கியம் ஒன்று தோன்றியது. "இப்படிப் போடலாமா அம்மா?" என்றேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "தாத்தா, நான் சொல்றத மட்டும் எழுதுங்க. நீங்களே எழுதுனா நீங்க பாஸாயிடுவீங்க. அப்புறம் நான் எப்ப பாஸாவுறது?"

உன்னிடம் பால்வாடியில் பால் குடித்த பெண் என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் இல்லாமல் போயிற்று.

அவள் விடை சொல்லும் முறையை உனக்கு எப்படிச் சொல்வேன்? நாம் எழுதும்போது எழுதியதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மறந்தால் மேலே பார்த்துக்கொள்கிறோம். அவளுக்கு அந்த வசதி இல்லை. முழுப் பக்கமும் அவள் மனத்தில் நிற்கிறது. மேசையின் மேல் இடக்கை விரல்கள் மெல்ல நகர்கின்றன, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு விரல். திடீரென்று, "தாத்தா, மொத பத்தியில 'ஆகவே'ன்னு ஒன்னு சொன்னேன் பாருங்க, அத எடுத்துடுங்க. அந்தக் காரணம் கீழ வந்துடுச்சு" என்பாள். நான் புரட்டிப் பார்ப்பேன். அங்கே 'ஆகவே' இருக்கும். அந்தக் காரணம் கீழேதான் வந்திருக்கும். காற்றிலே வீடு கட்டி, அதில் ஒரு தூணை மட்டும் உருவி வேறிடத்தில் நட்டு, கூரை ஆடாமல் நிற்கச் செய்கிறவளைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அரையாண்டுத் தேர்வு மார்கழியில் வந்தது. சமூக அறிவியல் தேர்வு, சரியாகச் சொன்னால், மார்கழி பிறந்த இரண்டாம் நாள். வேலூர்க் கலகத்தைப் பற்றி ஒரு பெரிய கேள்வி. அபி நிதானமாகத் தொடங்கினாள்: "வேலூர்க் கலகம் ஆயிரத்து எண்ணூற்று ஒன்று, ஜூலை பத்தாம் நாள்…"

சகுந்தலா, என் பேனா நின்றுவிட்டது.

நான் வாய் திறக்கவில்லை. இருமவும் இல்லை. எழுத்துக்கு எழுத்து அவள் சொன்னதையே எழுதத்தான் போனேன். ஆனால் தவறான ஓர் ஆண்டை எழுத என் விரல்கள் ஒரு கணம் மறுத்தன. அவ்வளவுதான். நீயும் நானும் கவனித்திருக்க மாட்டோம். தாளில் பேனா உரசும் ஓசை நின்றதை அவள் கேட்டுவிட்டாள்.

"பேனா நின்னுடுச்சு தாத்தா. அப்ப அந்த வருஷம் தப்பு."

நான் பேசாமல் இருந்தேன். பேசினாலும் தவறு, பேசாமல் இருப்பதும் பதில் சொல்வதாகவே ஆகிவிட்டது. அவள் விரல் மேசையில் அதே இடத்தில் நின்றது. "ஆயிரத்து எண்ணூத்தி ஆறு. இப்ப ஞாபகம் வந்துடுச்சு" என்றாள். பிறகு தானே தலையை அசைத்தாள். "வேணாம். ஒண்ணுன்னே எழுதுங்க. நீங்க நின்னதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. நஸ்ரீனுக்கு அங்க பேனாவ நிறுத்திக் காட்ட யாரு இருக்கா?"

எழுதினேன். ஆயிரத்து எண்ணூற்று ஒன்று. என் வாழ்நாளில் தெரிந்தே நான் எழுதிய முதல் தவறான ஆண்டு. பதினைந்து வயதில் ஒரு பெண், தனக்குக் கிடைத்த விடையைத் தன்னுடையது அல்ல என்று கீழே வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள். எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

விடுமுறை முடிந்து விடைத்தாள்கள் வந்தன. அபிக்கு நல்ல மதிப்பெண்கள். அதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது.

துணிக்கடை தனசேகரை உனக்குத் தெரியும். அவர் மகள் காயத்ரி அபியின் வகுப்பு, நன்றாகப் படிக்கிறவள். அவர் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம்: "அந்தப் பொண்ணு சொல்றது பாதி, கெழவரு சேத்துக்கறது பாதி. எழுபது வயசு மூளையோட பதினஞ்சு வயசு மூளையப் போட்டிக்கு விட்டா எப்படிங்க?" கெட்ட மனிதர் அல்ல. தன் மகளுக்காகப் பேசினார். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. தலைமையாசிரியையிடமும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இது ஏழுமலையின் காதுக்கு எட்டியது. ஒரு மாலை, ஆலையிலிருந்து திரும்பும் வழியில் டிராக்டரை நம் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்தான். சட்டையெல்லாம் கரும்புத் தோகைத் தூசி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பத்து முடிஞ்சதும் பதினொன்னுக்கு அந்த ஆஸ்டல் ஸ்கூல்ல சேத்துடலாம்னு இருக்கேங்கய்யா."

"அவள் என்ன சொல்கிறாள்?"

"அவ என்ன சொல்லுவா? மாட்டேங்குறா. ரெண்டு நாளா சோறு திங்கல. ஆனா அங்க எல்லாமே அவள மாதிரி புள்ளைங்க. அவ நல்லா எழுதுனா அவதான் எழுதுனான்னு நம்புவாங்க. இங்க, எம்பொண்ணு தப்பா எழுதுனா கண்ணு தெரியாதவன்னு சொல்றான். சரியா எழுதுனா கெழவன் எழுதுனதுன்னு சொல்றான். அவ எழுதுனதுன்னு எப்பய்யா சொல்லுவான்?"

அந்த விடுதிப் பள்ளியும் நல்ல பள்ளிதான். அதில் படித்து உயர்ந்தவர்கள் உண்டு. அதுவே பொருத்தமாக அமைகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் விரும்பிப் போவது வேறு, சந்தேகம் துரத்திப் போவது வேறு. நீ கைப்பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்த இடத்திலிருந்து அவள் எழுப்பப்படுகிறாள். அன்றிரவு உன் படத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நாலு வார்த்தையில் முடித்திருப்பாய். எனக்கு அந்த நாலு வார்த்தை கிடைக்கவில்லை.

தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியை எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார்கள். தனசேகர், ஏழுமலை, சமூக அறிவியல் ஆசிரியை, நான். அபியை நஸ்ரீன் அழைத்துவந்தாள். வெளியே போகச் சொன்னபோது காது கேட்காதவள்போல நின்றுகொண்டாள். மேசைமேல் அபியின் விடைத்தாள்.

தனசேகர் மரியாதையாகத்தான் தொடங்கினார். "அய்யா மேல எனக்கு மரியாத உண்டுங்க. ஆனா இதக் கேளுங்க." விடைத்தாளை எடுத்து ஒரு பத்தியைப் படித்தார். நன்றாகவே படித்தார். "இது பத்தாவது படிக்கிற புள்ள பேச்சா? பெரியவங்க நடையில்ல இது? எங்க காயத்ரி இப்படி எழுத மாட்டா." புரட்டினார். வேலூர்க் கலகத்துக்கு வந்தார். இரண்டு வரி படித்து நின்றார். "இங்க செவப்புல சுழிச்சிருக்குது. என்னாங்க மிஸ் இது?"

"வருஷம் தப்புங்க. ஆயிரத்து எண்ணூத்தி ஆறு. இதுல ஒண்ணுன்னு இருக்குது" என்றார் ஆசிரியை.

தனசேகர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாம்."

"உங்களுக்கு இந்த வருஷம் தெரியாதா?"

"ஆயிரத்து எண்ணூற்று ஆறு, ஜூலை பத்து, வியாழக்கிழமை" என்றேன். கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அவர் கடை திறப்பு விழா அழைப்பிதழ் உனக்கு நினைவிருக்கிறதா? தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்று நான் கடைக்கே போய் நின்றேனே. "வேலையத்த வேல" என்று நீ வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேசாமல்கூட இருந்தாய். அதைத்தான் அவர் சொன்னார்.

"மேடம், ஒத்தக் கிழமைக்காக எங்கடைப் பத்திரிக மொத்தத்தையும் திரும்ப அடிக்க வெச்ச மனுஷன் இவுரு. மொய்ப்பணம் குடுத்துட்டு, பந்தியில உக்காந்து, அப்பவும் 'இப்ப சரியா இருக்குது'ன்னுட்டுப் போனாரு. இந்த மனுஷன் கழுத்துல கத்திய வெச்சாலும் தன் கையால தேதிய தப்பா எழுத மாட்டாரு." விடைத்தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். "எழுதியிருக்காருன்னா, அது அந்தப் பொண்ணு சொன்னது. அப்ப மத்ததும் அந்தப் பொண்ணு சொன்னதுதான்."

என் பிடிவாதத்தால் உலகத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தாயே, சகுந்தலா. கேட்டுக்கொண்டாயா?

இத்தோடு முடிந்திருந்தால் அது என் கதையாகப் போயிருக்கும். அபி விடவில்லை.

"நான் அபிநயா பேசறேன்" என்றாள். "அந்த எடத்துல தாத்தா ஒண்ணும் சொல்லல. ஆனா பேனா நின்னுச்சு. தப்புன்னு அதுல தெரிஞ்சுக்கிட்டேன். சரியான வருஷமும் ஞாபகம் வந்துச்சு. மாத்தல. மாத்தியிருந்தா மாமா சொன்னது உண்மையாயிருக்கும்."

ஏழுமலை தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அதற்கு முன் பார்த்திராதவன்போல. தனசேகர் எழுந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் அபிக்கு எதிரே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நான் தனசேகர் பேசுறம்மா. காயத்ரியோட அப்பா. நான் எழுதிக் குடுத்த தாளத் திருப்பி வாங்கிக்கிறேன்."

யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டில் அவர் மகள் பேசும்போது கேட்டிருக்க வேண்டும். அல்லது அபி சொன்னதைக் கேட்ட கணத்திலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அபியின் முகம் அந்தக் குரலின் பக்கம் திரும்பியது. "சரிங்க மாமா" என்றாள்.

அதற்குப் பிறகு கதவோரத்திலிருந்து ஒரு குரல், ஆலைச் சங்கோடும் டிராக்டர் இரைச்சலோடும் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். "நான் ஏழுமல பேசுறேன்." தன் மகளிடமே பெயர் சொன்னான், சகுந்தலா. "பதினொன்னுக்கும் இங்கயே சேத்துக்குங்க மேடம்."

நஸ்ரீன் முந்திக்கொண்டாள். "நான் நஸ்ரீன். அப்ப எனக்குப் பதினொன்னாவது கணக்குக்குக் கவல இல்ல."

வெளியே வந்தோம். வராந்தாவில் அபி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வியை அவளிடமே கேட்டேன். இந்தப் பெயர் சொல்லும் வழக்கத்தை யார் தொடங்கியது, எப்போது?

அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாதா தாத்தா? டீச்சர்தான். பால்வாடியில யாராச்சும் கிட்ட வந்தா நான் பயந்துக்கிட்டு அழுவேனாம். டீச்சர் எல்லாப் புள்ளைங்களையும் உக்கார வெச்சு, 'மொதல்ல பேரச் சொல்லு, அப்புறம் பேச்சு'ன்னாங்களாம். அந்தப் புள்ளைங்க என்னோடவே ஒண்ணாவதுக்கு வந்தாங்க. அப்புறம் ஆறாவதுக்கும். ரம்யா, காயத்ரி எல்லாம் அந்த பால்வாடிதான். புதுசா வந்தவங்களுக்கு அவங்க சொல்லிட்டாங்க. நீங்க டீச்சர் வூட்டுத் தாத்தா, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. அன்றைக்கு நீ அதை வீட்டில் சொல்லியிருக்கக்கூட மாட்டாய். சுண்டல் வேகவில்லை, பாய் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருப்பாய். அழுகிற ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்த, அந்த நேரத்துக்குத் தோன்றியதை ஒரு வரியாகச் சொல்லிவிட்டு மறந்திருப்பாய். அந்த ஒரு வரி குழந்தைகளின் வாயில் ஏறி, வகுப்பு வகுப்பாக நடந்து, ஆசிரியர்கள் வாய்க்குப் போய், இன்று தனசேகர் வாய்வரை வந்துவிட்டது. நீ போன பிறகும் அது போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு நான் என்ன தேதி போடுவேன்? வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு காரியத்துக்குத் தேதி தெரியாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது தெரிகிறதா, இந்தக் கடிதத்தை நான் ஏன் அப்படித் தொடங்கினேன் என்று? நீ இருக்கும் இடத்திலிருந்து என்னைப் பார்க்க முடிகிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. பார்க்க முடியாதவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

பங்குனியில் பொதுத் தேர்வு. அங்கே எழுத அரசு ஆள் அனுப்பும். நான் வாசலோடு சரி. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் மறுபடியும் என் முறை வரும். அதற்கு இப்போதே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் அபியும் நஸ்ரீனும் நம் வீட்டுக்கு வருகிறார்கள். நஸ்ரீன் வேண்டுமென்றே தேதிகளைத் தப்பும் தவறுமாகச் சொல்வாள். இந்தியா விடுதலை பெற்றது ஐப்பசி அமாவாசையில் என்பாள். நான் எழுதிக்கொண்டே போக வேண்டும். அபி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேனா நின்றால் கையைத் தூக்குவாள். முதல் சனிக்கிழமை அவள் கை கீழே இறங்கவே இல்லை. போன வாரம் ஒரே ஒரு தடவைதான் தூக்கினாள். உன் பிறந்த தேதியை நஸ்ரீன் மாற்றிச் சொன்னபோது.

அதையும் வென்றுவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு: அவள் சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும், அவள் சொல்வது அவளுடையதாகவே தாளில் ஏறும். என் பேனா இனி நிற்காது.

அடுப்பை அணைத்துவிட்டேன். அபி ஸ்கூலுக்குப் போகிறாள்.

இப்படிக்கு,
டீச்சர் வூட்டுத் தாத்தாவும், உன் கணவனுமான
கொளஞ்சியப்பன்
விருத்தாசலம், தேதிக்கும் திதிக்கும் நடுவில் ஒரு நாள்